பேட்டரி வாட்சா, ஆட்டோமேட்டிக்கா: முதல் சம்பளக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதல் சம்பளத்தில் கைக்கடிகாரம் வாங்கவிருக்கும் இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும்,

மெல்லிய குவார்ட்ஸ் டிரஸ் வாட்சா, கனத்த ஆட்டோமேட்டிக் டைவ் வாட்சா என்ற கேள்விக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸா, கை அசைவில் ஓடும் ஆட்டோமேட்டிக்கா என்பது உள்ளே ஓடும் இயந்திரத்தைப் பற்றியது. அலுவலகத்துக்கும் விசேஷத்துக்கும் கட்டும் டிரஸ் வாட்சா, முக்குளிப்போருக்கென்று செய்த டைவ் வாட்சா என்பது அந்த இயந்திரத்தைச் சுற்றியுள்ள கூட்டைப் பற்றியது. இரண்டுக்கும் கட்டாய உறவு ஏதுமில்லை. ஆட்டோமேட்டிக் டிரஸ் வாட்சுகள் உண்டு. குவார்ட்ஸ் டைவ் வாட்சுகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் குறைந்த விலையில் குவார்ட்ஸ் மெல்லிய கூட்டையும் ஆட்டோமேட்டிக் தடித்த கூட்டையும் தேடிக்கொள்வது தற்செயலாக நடப்பதில்லை.

உலகெங்கும் குறைந்த விலை ஆட்டோமேட்டிக் வாட்சுகளில் அதிகம் காணப்படும் இயந்திரங்களில் ஒன்று, சைக்கோ குழுமம் தயாரிக்கும் என்.எச்.35. அதன் தடிமன் மட்டும் 5.32 மில்லிமீட்டர். மேலே டயல், முட்கள், கண்ணாடி, கீழே மூடி என்று சேர்த்தால் பத்து மில்லிமீட்டரைத் தாண்டாமல் வாட்ச் செய்வது கடினம். இதைவிட மெல்லிய ஆட்டோமேட்டிக் இயந்திரங்களைச் செய்ய முடியும். ஆனால் விலை பல மடங்கு ஏறும். ஆகவே விலை குறைந்த ஆட்டோமேட்டிக்குக்குத் தடிமனை மறைக்க ஒரு நியாயம் தேவைப்படுகிறது. தடித்திருப்பதே இயல்பான டைவ் வாட்ச் அந்த நியாயத்தைக் கொடுக்கிறது. குவார்ட்ஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது எவ்வளவு மெலியும் என்பதற்கு ஓசூரிலேயே சான்று இருக்கிறது. அது பின்னால் வரும்.

முதலில் இயந்திரம். குவார்ட்ஸ் என்பது படிகக் கல். அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880இல் ழாக் கியூரியும் பியர் கியூரியும் கண்டறிந்தார்கள். மறுபக்கமாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும். அந்த அதிர்வு மிகவும் சீரானது. 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் ஜே. டபிள்யூ. ஹார்ட்டனும் இதைக்கொண்டு முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தைச் செய்தார்கள். அலமாரி அளவில் இருந்த அந்தக் கருவி மணிக்கட்டுக்கு வர 42 ஆண்டுகள் ஆயின.

இன்றைய கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட சிறு துண்டு. நொடிக்கு 32,768 முறை அதிருமாறு அதன் நீளமும் தடிமனும் அமைக்கப்படுகின்றன. இந்த எண் ஏன் என்று பலருக்குத் தோன்றும். 2ஐ 15 முறை பெருக்கினால் வருவது 32,768. பக்கத்தில் இருக்கும் சில்லு இந்த அதிர்வெண்ணை 15 முறை பாதியாக்குகிறது. கடைசியில் நொடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சுகிறது. அந்த ஒரு துடிப்பு ஒரு சிறு மோட்டாரைத் தட்ட, நொடி முள் ஒரு கட்டம் நகர்கிறது. குவார்ட்ஸ் வாட்சில் நொடி முள் விட்டுவிட்டுத் தாவுவதன் காரணம் இதுவே. மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டாமல் நொடிக்கொருமுறை மட்டும் தட்டுவதால்தான் 1.55 வோல்ட் தரும் ஒரு பொத்தான் செல் இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்குகிறது. தாவும் முள்ளை மலிவின் அடையாளமாகப் பேசுவது வாட்ச் பிரியர்களிடையே வழக்கம். அந்தத் தாவலுக்குள் இருக்கும் சிக்கனத்தைப் புரிந்துகொண்டவர் அப்படிப் பேசமாட்டார்.

சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கு 15 முதல் 20 நொடிக்குள் பிசகும் என்று தயாரிப்பாளர்கள் உறுதி கூறுகிறார்கள். பல வாட்சுகள் அதைவிடச் சரியாகவே ஓடும். படிகம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சரியாக ஓடும்படி வெட்டப்படுகிறது. அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் சற்றுத் தாமதிக்கும். கையில் கட்டியிருக்கும்போது உடல்சூடு வாட்சின் வெப்பத்தை ஓரளவு நிலையாக வைக்கிறது. மே மாத வெயிலில் பைக்கின் பெட்டிக்குள் போட்டு வைப்பதைவிட மணிக்கட்டில் இருப்பதே அதற்கு நல்லது.

இந்த நுட்பத்தை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் சைக்கோ. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் வெளிவந்த ஆஸ்ட்ரான் என்ற தங்கக் கூடு வாட்சின் விலை 4,50,000 யென்; அன்று ஜப்பானில் ஒரு சிறிய காரின் விலை ஏறத்தாழ அவ்வளவுதான். இன்று குவார்ட்ஸை ஏழையின் வாட்ச் என்று பேசுவோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது. விலை பின்னர் விழுந்தது, சில்லுகளும் படிகங்களும் லட்சக்கணக்கில் செய்யப்பட்டதால். அந்த வீழ்ச்சியில் சுவிட்சர்லாந்து ஆட்டம் கண்டது. 1970இல் அங்கே வாட்ச் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தார்கள். 1980களின் நடுவில் அது 30,000 சொச்சமாகக் குறைந்தது. 1983இல் வெறும் 51 பாகங்களோடு வந்த பிளாஸ்டிக் ஸ்வாட்சும் குவார்ட்ஸ்தான். சுவிஸ் தொழில் மீண்டும் எழுந்ததில் அந்த எளிய வாட்சின் பங்கு பெரிது.

இந்தியாவில் இதே மாற்றம் இரண்டு நிறுவனங்களின் கதையாக நடந்தது. பெங்களூரில் 1961இல் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய ஜனதா போன்ற வாட்சுகள் ஒரு தலைமுறையின் மணிக்கட்டை நிறைத்தன. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை அமைத்தன. எச்.எம்.டி. இயந்திர வாட்சில் வேரூன்றியிருந்தபோது டைட்டன் குவார்ட்ஸை நம்பி இறங்கியது. 2016இல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வீழ்ச்சிக்கு நிர்வாகக் காரணங்களும் உண்டு. ஆயினும் வாங்குபவர் எதை விரும்பினார் என்பதில் ஐயமில்லை: சாவி கொடுக்க வேண்டாத, நேரம் பிசகாத, சட்டைக் கைக்குள் அடங்கும் வாட்ச்.

அந்த விருப்பத்தின் உச்சம் 2002இல் வெளிவந்த டைட்டன் எட்ஜ். இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர், வாட்சின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். மேலே சொன்ன என்.எச்.35 இயந்திரம் மட்டுமே இந்த முழு வாட்சைவிடத் தடிமனானது. அத்தனை மெலிவிலும் 30 மீட்டர் நீர்த்தாங்கு குறியை அது தக்கவைத்துக்கொண்டது. தமிழ்நாட்டு மண்ணில் உருவான ஒரு பொறியியல் சாதனையாக இதைச் சொல்வதில் மிகை எதுவுமில்லை. டிரஸ் வாட்ச் என்றதும் சுவிஸ் பெயர்களையே தேடுவோர் இதையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம்.

ஆட்டோமேட்டிக்கில் மின்சாரம் எங்குமில்லை. சுருட்டிய எஃகு வில் ஒன்று மெல்ல அவிழ்கிறது. அந்த விசை பல்சக்கரங்கள் வழியாக ஓடி, நிறுத்தி நிறுத்தி விடுவிக்கும் ஓர் அமைப்பில் தடைப்பட்டு, பேலன்ஸ் சக்கரம் ஊஞ்சலாடும் ஒவ்வொரு முறையும் ஒரு பல் அளவே விடுவிக்கப்படுகிறது. சக்கரத்தை இழுத்துத் திருப்புவது ஹேர்ஸ்பிரிங் என்னும் மயிரிழைச் சுருள். என்.எச்.35 வகையில் இது மணிக்கு 21,600 முறை, அதாவது நொடிக்கு 6 முறை அடிக்கிறது. நொடி முள் வழுக்கிச் செல்வதுபோல் தெரிவது இதனால். கூர்ந்து பார்த்தால் நொடிக்கு ஆறு சிறு எட்டுகள் வைக்கிறது. வில்லைச் சுருட்டும் வேலையைக் கை அசைவே செய்துவிடும். பின்பக்கம் அரைவட்ட எடை ஒன்று சுழன்று, ஒவ்வொரு அசைவையும் வில்லுக்குள் சேமிக்கிறது. இதற்கு ரோட்டர் என்று பெயர். கைக்கடிகாரத்தில் இந்த முறையை 1920களில் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஹார்வுட் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். முழு வட்டமாகச் சுழலும் ரோட்டரோடு ரோலெக்ஸ் 1931இல் வந்தது.

நேரத் துல்லியத்தில் ஆட்டோமேட்டிக் குவார்ட்ஸை நெருங்க முடியாது. சைக்கோ தன் 4ஆர்36 இயந்திரத்துக்குத் தரும் உறுதி, நாளொன்றுக்கு 45 நொடி முந்துவது முதல் 35 நொடி பிந்துவது வரை. நடைமுறையில் பெரும்பாலான வாட்சுகள் இதைவிட நன்றாக ஓடும். சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழ் பெறும் விலையுயர்ந்த இயந்திரங்கள்கூட நாளுக்கு 4 நொடி பிந்தலாம், 6 நொடி முந்தலாம். நாளுக்குப் பத்து நொடி பிசகும் வாட்ச் மாதத்தில் ஐந்து நிமிடம் தள்ளிப்போகும். ஒரு குவார்ட்ஸ் அந்தப் பிசகை எட்ட ஓராண்டுக்கு மேல் ஆகும். அதே நேரம், ஒரு நாளின் 86,400 நொடிகளில் பத்து நொடி என்பது 8,640இல் ஒரு பங்கு. எஃகும் பித்தளையும் எண்ணெய்த்துளியும் மட்டும் சேர்ந்து, புவியீர்ப்பை எதிர்த்து, எந்தத் திசையில் கிடந்தாலும் இவ்வளவு நெருங்குவது வியப்புக்குரியது. ஆட்டோமேட்டிக்கை விரும்புவோர் இந்த வியப்புக்காக விரும்புகிறார்கள். அது மதிப்புள்ள காரணம். சரியான நேரம் வேண்டும் என்பதற்காக ஆட்டோமேட்டிக் வாங்குவது மட்டும் பொருந்தாத காரணம்.

அன்றாடப் பழக்கத்தில் இந்த வேறுபாடு எப்படித் தெரியும் என்பதைக் கடைகளில் அதிகம் சொல்வதில்லை. 4ஆர்36, என்.எச்.35 போன்ற இயந்திரங்கள் முழுதாகச் சுருண்ட நிலையில் ஏறத்தாழ 41 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை ஏழு மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு நண்பகலில் நின்றுவிடும். திங்கள் காலை அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் நேரத்தையும் தேதியையும், கிழமை காட்டும் வாட்சானால் கிழமையையும் வைக்க வேண்டும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையே தேதியைத் திருப்பக் கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே பிடித்திருக்கும், வலுக்கட்டாயமாகத் திருப்பினால் உடையும். ஆட்டோமேட்டிக் வாட்ச் பழுதாகி ரிப்பேர் கடைக்கு வருவதற்கு இந்தத் தவறு ஒரு வாடிக்கையான காரணம். தினமும் ஒரே வாட்சைக் கட்டுபவருக்கு இவை எதுவும் தொந்தரவில்லை. நாளுக்கு ஒரு வாட்ச் மாற்றிக் கட்டுபவருக்கும் விசேஷத்துக்கு மட்டும் கட்டுபவருக்கும் இது தொடர்ந்த சலிப்பு. கல்யாணத்துக்கும் நேர்காணலுக்கும் மட்டும் வெளியே எடுக்கும் வாட்ச் குவார்ட்ஸாக இருப்பதே முறை.

காந்தம் இன்னொரு விஷயம். கைப்பேசியின் ஸ்பீக்கர், மடிக்கணினியின் மூடி, கைப்பையின் காந்தப் பூட்டு ஆகியவற்றுக்கு மிக அருகில் இருந்தால் ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் தாறுமாறாக முந்த ஆரம்பிக்கும். காந்த நீக்கி வைத்திருக்கும் மெக்கானிக் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார். எனவே திடீரென்று வேகமாக ஓடும் வாட்சைப் பிரித்து சர்வீஸ் செய்யச் சம்மதிக்கும் முன் காந்தச் சோதனை செய்யச் சொல்ல வேண்டும். முள் உள்ள குவார்ட்ஸையும் காந்தம் பாதிக்கும். மோட்டார் நிற்கலாம், காந்தத்தை விட்டு விலகியதும் மீண்டும் ஓடும், விட்ட நேரத்தை மட்டும் திருத்த வேண்டும்.

இனி கூடு. டைவ் வாட்சின் ஒவ்வோர் அங்கமும் நீருக்கடியில் ஒருவர் உயிரோடு திரும்புவதற்காக வடிவமைக்கப்பட்டது. 1953இல் பிளாங்பான் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபேதம்ஸ் வந்தது; அதே ஆண்டில் ரோலெக்ஸின் சப்மரைனரும் வந்தது. பிளாங்பானின் தலைவர் ழான்-ழாக் ஃபியெக்டர் தாமே முக்குளிப்பவர். பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்புப் பிரிவை உருவாக்கிய ராபர்ட் மலூபியேயும் குளோட் ரிஃபோவும் கேட்ட அம்சங்கள் அவர் வாட்சோடு பொருந்தின. ஐம்பது ஃபேதம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர். ஜப்பானின் முதல் டைவ் வாட்சை 1965இல் சைக்கோ 150 மீட்டர் தாங்குமாறு செய்தது. இன்று எளிய விலையில் கிடைக்கும் பெரும்பாலான டைவ் வாட்சுகள் இந்த மூன்றின் வழிவந்தவை.

டயலைச் சுற்றித் திருகும் வளையமான பெசல்தான் டைவ் வாட்சின் உயிர். முக்குளிப்பவர் நீரில் இறங்கும் கணத்தில் பெசலின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைக்கிறார். பிறகு நிமிட முள் பெசலில் காட்டும் எண்ணே கழிந்த நிமிடம். சிலிண்டரில் எவ்வளவு காற்று மீதமிருக்கும் என்ற கணக்கு இதைச் சார்ந்தது. பெசல் எதிர்க்கடிகாரத் திசையில் மட்டும் திரும்புவதற்குக் காரணம் உண்டு: பாறையில் இடித்துத் தவறிப்போய் நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், முக்குளிப்பவர் சீக்கிரம் மேலே வருவாரே தவிர, காற்று தீரும்வரை உள்ளே இருக்கமாட்டார். நொடி முள்ளில் ஒளிரும் புள்ளி இருப்பதற்கும் இதே போன்ற ஒரு நோக்கம். இருட்டில் அந்தப் புள்ளி நகர்ந்தால்தான் வாட்ச் நின்றுபோகவில்லை என்று தெரியும்.

இந்த அங்கங்களையெல்லாம் ஐ.எஸ்.ஓ. 6425 என்ற பன்னாட்டுத் தரநிலை வரையறுக்கிறது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். குறிப்பிட்ட ஆழத்தின் அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து நேரம் படிக்க முடிய வேண்டும். உப்புநீரையும் அதிர்ச்சியையும் காந்தத்தையும் தாங்க வேண்டும். மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் சோதிக்காமல் ஒவ்வொரு வாட்சின் நீர்த்தாங்கு திறனையும் சோதிக்க வேண்டும் என்பது இதன் சிறப்பு. இத்தரநிலைக்கு உட்பட்ட வாட்சில் டைவர்ஸ் என்ற சொல் ஆழ அளவோடு சேர்ந்து அச்சாகியிருக்கும். பெசலும் ஒளிப்பூச்சும் இருந்து, இந்தச் சொல் இல்லாமல் வெறும் நீர்த்தாங்கு குறி மட்டும் இருந்தால் அது டைவ் வாட்சின் தோற்றம் கொண்ட வாட்ச். சைக்கோவின் இப்போதைய 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் பல அப்படிப்பட்டவை. 100 மீட்டர் குறி கொண்டவை. அவை மோசமானவை அல்ல. ஆனால் டைவ் வாட்ச் என்று எண்ணி அதற்குரிய விலையைக் கொடுத்துவிடக் கூடாது.

உண்மையில் கடலில் இறங்குவோர் எத்தனை பேர்? பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40 மீட்டர்தான். புதுச்சேரியிலும் அந்தமானிலும் ஸ்கூபா கற்றுக்கொள்வோர் இன்று நம்புவது மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரை. ஆழம், நேரம், உடலில் கரைந்த நைட்ரஜன் எல்லாவற்றையும் அதுவே கணக்கிடுகிறது. டைவ் வாட்ச் இன்று பெரும்பாலும் நிலத்தில் வாழும் பொருள். அது அங்கேயும் உதவாமல் இல்லை. இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றியதும், வண்டியைக் கட்டண நிறுத்தத்தில் விட்டதும், பாடம் நடத்தத் தொடங்கியதும் பெசலைத் திருப்பி வைத்தால் கைப்பேசியை எடுக்காமலே நேரம் தெரியும். பயன்படுத்திப் பழகியவர் பெசல் இல்லாத வாட்சில் ஏதோ குறைவதாக உணர்வார்.

நீர்த்தாங்கு குறிகளைப் பொறுத்தவரை தமிழ்நாட்டின் கடைவீதியில் பெரும் குழப்பம் இருக்கிறது. 30 மீட்டர் என்று எழுதிய வாட்சோடு 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருளில்லை. அது ஆய்வகத்தில் அசையாத நீரில் புதிய வாட்ச் தாங்கிய அழுத்தம். 30 மீட்டர் குறிக்கு மழைச்சாரலும் கைகழுவும் நீரும் மட்டும். 50 மீட்டர் குறிக்கு மேலோட்டமாக நனைவது பரவாயில்லை. கிணற்றிலோ குளத்திலோ நீந்துபவருக்கு 100 மீட்டர் வேண்டும். டைவ் அடித்துக் குதிப்பவருக்கு 200 மீட்டர் நிம்மதி. எந்த வாட்சானாலும் வெந்நீரும் சோப்பும் உள்ளேயிருக்கும் ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். வளையம் காலத்தால் இறுகும்; எனவே பத்தாண்டு பழைய 200 மீட்டர் வாட்ச் சோதனை செய்யப்படும்வரை நம்பத்தக்கதல்ல. செல் மாற்றுவதற்காக மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் வளையத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தெருமுனைக் கடையில் அவசரமாகச் செல் மாற்றிய வாட்சில் அடுத்த மழைக்காலத்தில் ஆவி படிவது இதனால்தான்.

கடலோர ஊர்களின் வியர்வை இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறுவதில்லை. டிரஸ் வாட்சின் மரபான பட்டை தோல். சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் பேருந்தில் நின்று அலுவலகம் போகிறவர் கையில் தோல் பட்டை சில மாதங்களில் நாறத் தொடங்கும், ஓராண்டில் வெடிக்கும். டிரஸ் வாட்சை எஃகுச் செயினோடு வாங்குவதும், தோல் பட்டையை விசேஷங்களுக்கென்று தனியே வைத்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடு. டைவ் வாட்சுக்கு இந்தக் கவலையில்லை; செயினோ ரப்பர் பட்டையோ குழாய்த் தண்ணீரில் அலசிவிடலாம். மணிக்கட்டோடு ஒட்டும் இடத்தில் எஃகுச் செயினின் இணைப்புகளில் அழுக்கு சேரும். மென்மையான பழைய பல்துலக்கி போதும்.

அளவைக் கட்டிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். கூட்டின் விட்டத்தை மட்டும் பார்ப்பது பொதுவான பழக்கம். பட்டை பொருந்தும் காதுகளின் மேல் நுனியிலிருந்து கீழ் நுனிவரை உள்ள நீளமே முக்கியம். அது மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டி நீட்டக் கூடாது. 2019வரை தயாரிக்கப்பட்ட சைக்கோவின் புகழ்பெற்ற எஸ்.கே.எக்ஸ்.007 டைவ் வாட்சின் விட்டம் 42.5 மில்லிமீட்டர், தடிமன் 13 மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் காதுகள் குட்டை, ஆகவே சிறிய கையிலும் பொருந்தியது. பெண்களுக்கென்று தனியே சின்ன வாட்சுகளைக் காட்டும் கடைகளில், நடுத்தர அளவு டிரஸ் வாட்சுகளைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டியதில்லை. முழுக்கைச் சட்டை போடுகிறவர் பொத்தானை மாட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். 13 மில்லிமீட்டர் தடிமன் சட்டைக் கைக்கு வெளியே நின்று துணியை உரசிக்கொண்டே இருக்கும்.

பணக் கணக்கு இரண்டு பகுதி. வாங்கும் விலையில் டைட்டன், டைமெக்ஸ், காசியோ, சிட்டிசன் போன்றவற்றின் எளிய குவார்ட்ஸ் டிரஸ் வாட்ச் சில ஆயிரங்களில் முடியும். தரநிலைக்கு உட்பட்ட ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச் பெரும்பாலும் இருபதாயிரத்தைத் தாண்டும். பராமரிப்பில் குவார்ட்ஸுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு செல், அவ்வப்போது ஒரு ரப்பர் வளையம். நின்றுபோன செல்லை உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து இயந்திரத்தை அரிக்கும். கட்டாத வாட்சாக இருந்தாலும் நின்றவுடன் செல்லைக் கழற்றிவிட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் ஐந்தாறு ஆண்டுகளில் வற்றும், உராய்வு தொடங்கும். முழுச் சர்வீஸுக்கு ஆகும் பணத்தில் ஒரு நல்ல குவார்ட்ஸ் வாட்சே வாங்கிவிடலாம். என்.எச்.35 போன்ற இயந்திரங்களுக்குச் சர்வீஸைவிடப் புதிய இயந்திரத்தையே மாற்றுவது பல நேரம் மலிவு என்பதால், தலைமுறைகள் தாண்டும் வாட்ச் என்ற விளம்பரப் பேச்சை இந்த விலைப் பிரிவில் அப்படியே ஏற்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், முதல் சம்பளத்தில் ஒரே ஒரு வாட்ச் வாங்கப்போகிறவருக்குக் குவார்ட்ஸ் டிரஸ் வாட்சே பொருத்தம். அலுவலகத்திலும் கல்யாண வீட்டிலும் அது இடம் மாறித் தெரியாது, எடுத்த கணத்தில் சரியான நேரம் சொல்லும், மீந்த பணம் வீட்டுக்குப் போகும். கடன் தவணையில் ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச் வாங்கும் அவசரம் யாருக்கும் இல்லை. பொருள்களின் உள்வேலையில் ஈடுபாடு உள்ளவரும், தினமும் அதே வாட்சைக் கட்டுபவரும், சர்வீஸ் செலவை இப்போதே ஒதுக்கி வைக்கக் கூடியவரும் ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச் வாங்கலாம். அவர்களுக்கு அது நீண்டகால மகிழ்ச்சி தரும்.

இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்த்தவருக்கு இடையில் வேறு வழிகளும் தெரியும். நீந்துகிறவர், வேலையில் கை நனைகிறவர், இருசக்கர வாகனத்தில் மழையில் ஓடுகிறவர் ஆகியோருக்குக் கூடு டைவ் வாட்சாகவும் இயந்திரம் குவார்ட்ஸாகவும் இருப்பதே நல்லது. வெளிச்சத்தில் தானே மின்னேற்றிக்கொள்ளும் சிட்டிசன் எக்கோ-டிரைவ் டைவ் வாட்சுகள் இதற்குச் சரியான விடை. செல் மாற்ற மூடியைத் திறக்கும் தேவை பல ஆண்டுகளுக்கு வராது. இப்படிப்பட்டவர்களுக்கு, கடையில் அதிகம் எடுத்துக் காட்டாத இந்த மூன்றாவது வகையே ஏற்றது. இயந்திர வாட்சின் சுவையை மலிவில் அறிய விரும்புவோர் பழைய எச்.எம்.டி. ஒன்றைத் தேடலாம். வீட்டில் தாத்தாவின் அலமாரியில் கிடைத்தால் அதற்கு நிகரில்லை. இணையத்தில் வாங்கினால் எச்சரிக்கை தேவை: டயலை மறுபூச்சுப் பூசி, வெவ்வேறு வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துப் புதிதுபோல் விற்பது பரவலாக நடக்கிறது. எழுத்துகள் மழுங்கலாகவோ டயல் நிறம் வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சென்றோ இருந்தால் விலகிவிடுவது நல்லது.

வாங்கும் அன்று கடையிலேயே சில சோதனைகள் செய்துவிடலாம். குவார்ட்ஸில் நொடி முள் டயல் கோடுகள்மீது நேராக விழுகிறதா, நண்பகல் நிலையில் மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒன்றின்மேல் ஒன்று அமர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டைவ் வாட்சில் பெசலின் முக்கோணம் 12 மணிக் கோட்டோடு சரியாகப் பொருந்த வேண்டும். நேரம் வைக்கும், திருகிப் பூட்டும் குமிழ் தடையில்லாமல் இறுக வேண்டும். கண்ணாடி மினரலா சஃபையரா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்கலாம். சஃபையர் எளிதில் கீறாது. வீட்டுக்கு வந்தபின் முதல் வாரம் தினமும் ஒரே நேரத்தில் கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பிசகைக் குறித்து வைத்தால், உறுதியளித்த எல்லைக்கு வெளியே ஓடும் வாட்சை வாரன்டி காலத்திலேயே திருப்பிக் கொடுத்துச் சரிசெய்ய முடியும். அதற்கு வாரன்டி அட்டையில் கடை முத்திரையும் வாங்கிய தேதியும் வாட்சின் வரிசை எண்ணும் அன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும்.